வாட்ஸ்அப் குழுவில் கிடைக்கும் டிக்கெட்டை நம்பி காலேஜ் ஸ்டேஷன் போகலாமா?

கேள்வி: நாங்கள் ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். மகன் ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தாங்க்ஸ்கிவிங் வாரத்தில் அவர்கள் அமெரிக்க ஃபுட்பால் அணி காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊருக்குப் போய், அங்குள்ள டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணியோடு ஆடுகிறது. நாங்கள் இருவரும், மகனும், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவுமாகப் போக ஆசை. எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நான்கு டிக்கெட் இருப்பதாகச் சொல்லி ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார். வெப்சைட்டை விட விலை குறைவு. ஆனால் முழுப் பணத்தையும் இப்போதே ஜெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் சேவை) போடச் சொல்கிறார். வாங்கலாமா? அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எதிரணிச் சட்டையோடு போனால் வம்பு வருமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: பணத்தை அனுப்பாதீர்கள். மீதியை அப்புறம் படித்தாலும் பரவாயில்லை, இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் என்பது டிக்கெட் அல்ல. இப்போது டிக்கெட் என்பது காகிதம் கிடையாது, ஒரு கணக்கில் இருக்கும் பதிவு. வாசலில் உங்கள் ஃபோனில் தெரியும் பார்கோடை ஒருமுறை ஸ்கேன் செய்ததும் அந்தப் பதிவு செலவாகிவிடும். ஒரே படத்தை ஐந்து பேருக்கு விற்றிருந்தால் முதலில் வாசலுக்கு வருபவர் உள்ளே போவார். மற்ற நால்வரும் வெளியே நிற்க வேண்டியதுதான். பல மைதானங்களில் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை தானாகவே மாறிக்கொண்டிருக்கும். அங்கே ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவரே அதைக் காட்டினாலும் உள்ளே விட மாட்டார்கள்.

அடுத்தது ஜெல். நீங்களாக ஜெல்லில் அனுப்பும் பணம் கையில் ரொக்கம் கொடுத்ததற்குச் சமம். கிரெடிட் கார்டில் வாங்கிய பொருள் வராவிட்டால் வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஜெல்லில் அப்படி வாங்குபவருக்கான பாதுகாப்பு எதுவும் இல்லை. முன்பின் தெரியாதவருக்கு ஜெல்லில் பணம் அனுப்பாதீர்கள் என்று வங்கிகளே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 'நம்ம ஊர்க்காரர், குழுவில் எல்லோருக்கும் தெரிந்தவர்' என்று நீங்கள் சொல்லலாம். அதே வார்த்தையைச் சொல்லி ஏமாந்தவர்கள் என்னிடம் ஒவ்வொரு சீசனும் வருகிறார்கள். முந்நூறு பேர் இருக்கும் குழுவில் அவரை நேரில் பார்த்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

அவர் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் கையில் டிக்கெட்டே இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் என் கவலை. இந்தத் தொழிலில் அதிகமாக நடப்பது இதுதான், குழுக்களில் மட்டுமில்லை, பெரிய மறுவிற்பனைத் தளங்களிலும் இது உண்டு. இன்று உங்களிடம் ஒரு விலைக்குப் பணம் வாங்கிக்கொள்வார். ஆட்டம் நெருங்கும்போது அணிகள் இரண்டு ஆட்டம் தோற்று விலை விழுந்தால், குறைந்த விலைக்கு வாங்கி உங்களுக்குத் தந்துவிட்டு லாபத்தை எடுத்துக்கொள்வார். விலை விழாமல் ஏறிவிட்டால்? "டிரான்ஸ்ஃபர் ஆகவில்லை, சிஸ்டத்தில் ஏதோ பிரச்சினை, பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று ஆட்டத்தன்று காலையில் மெசேஜ் வரும். அவருடைய சூதாட்டத்துக்கு முதல் போட்டது நீங்கள். விலை குறைவாக இருப்பதும், சீட் எண்ணைச் சரியாகச் சொல்லாமல் 'மேல்தளம், நல்ல வியூ' என்று பொதுவாகச் சொல்வதும் அதற்கான அறிகுறிகள்.

டெக்சாஸில் டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு மறுபடி விற்பது குற்றமல்ல. அதனால் பிளாக்கில் வாங்குகிறோமே என்று நீங்கள் சங்கடப்பட வேண்டாம். வாங்கும் வழிதான் சரியாக இருக்க வேண்டும்.

அவரிடம் நிஜமாகவே டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. செக்‌ஷன், வரிசை, சீட் எண் மூன்றையும் கேளுங்கள். பிறகு, 'இதே டிக்கெட்டை இதே விலைக்கு ஸ்டப்ஹப்பிலோ சீட்கீக்கிலோ போடுங்கள், நான் அங்கே கார்டில் வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லுங்கள். இந்த மறுவிற்பனைத் தளங்கள் கமிஷன் பிடிக்கும், அதை விலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் நல்லது. கமிஷன் எதற்கு வீணாக என்று அவர் இழுத்தால் இன்னொன்று கேளுங்கள்: ஒரு காபிக் கடையில் நேரில் சந்தித்து, அவர் தன் கணக்கிலிருந்து உங்கள் மின்னஞ்சலுக்கு நான்கையும் டிரான்ஸ்ஃபர் செய்யட்டும், நீங்கள் ஏற்றுக்கொண்டு உங்கள் ஃபோனில் நான்கும் தெரிந்தபின் பணம் கொடுங்கள். கையில் டிக்கெட் இருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

விலையை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். முன்பெல்லாம் தளங்கள் ஒரு விலையைக் காட்டிவிட்டு, கார்டு எண் போடும் திரையில் கட்டணங்களை ஏற்றும். 2025 மே 12 முதல் அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் விதிப்படி, தவிர்க்க முடியாத கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்டியாக வேண்டும். வரி பின்னால் சேரலாம். ஆகவே வாட்ஸ்அப் விலையை அந்த மொத்த விலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

"மகன் அங்கே மாணவன்தானே, அவனுக்கே டிக்கெட் கிடைக்காதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெளியூர் ஆட்டத்துக்கு வருகை அணிக்கென்று ஒரு பங்கு டிக்கெட் ஒதுக்கப்படும். பெரிய ஆட்டங்களில் அதை முதலில் எடுத்துக்கொள்வது பல்கலைக்கழகத்தின் விளையாட்டு நிதிக்கு நன்கொடை கொடுப்பவர்கள். ஆஸ்டினில் அதைக் கவனிப்பது லாங்ஹார்ன் ஃபவுண்டேஷன், ஏ அண்ட் எம் பக்கம் ட்வெல்த் மேன் ஃபவுண்டேஷன். அதிகம் கொடுத்தவர், பல வருடம் கொடுத்தவர் முன்வரிசையில் நிற்பார். வகுப்பில் உட்கார்ந்து படிக்கிற பையன் வரிசையின் கடைசியில். கல்லூரி அணி என்று பெயர், ஆனால் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதன் வெளியூர் ஆட்டத்தைப் பார்க்க இடமில்லை. இதை எனக்குத் தெரிந்த யாரும் சரி என்று சொன்னதில்லை, மாற்றவும் யாரும் முயலவில்லை. மகனை அவன் கல்லூரி டிக்கெட் அலுவலகத்தில் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள், கேட்பதில் நஷ்டமில்லை. ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஏ அண்ட் எம் மாணவர் ஒருவர் தன் மாணவர் டிக்கெட்டை விற்க வந்தால் வாங்க வேண்டாம். மாணவர் டிக்கெட் மாணவருக்கான சலுகை, வாசலில் அடையாள அட்டை கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பகுதியில் உட்கார்ந்து பார்ப்பது என்பதும் கிடையாது. 1922-ல் ஒரு ஆட்டத்தில் வீரர்கள் அடிபட்டு விழுந்துகொண்டிருந்தபோது, மேலே செய்தியாளர் பகுதியிலிருந்து கிங் கில் என்ற மாணவர் இறங்கி வந்து சீருடை மாட்டிக்கொண்டு கடைசிவரை தயாராக நின்றார். அந்த நினைவில் இன்றும் மாணவர்கள் ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருக்கிறார்கள். கிழக்குப் பக்கம் பெரும்பாலும் அவர்கள் கூட்டம்தான். அம்மாவை அங்கே கூட்டிப்போனால் மூன்றரை மணி நேரம் முன்வரிசையின் முதுகைத்தான் பார்ப்பார். வரைபடத்தைப் பார்த்து மேற்குப் பக்கம், கீழ்த்தளமாக எடுங்கள். ஏ அண்ட் எம் மைதானமான கைல் ஃபீல்டில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காருவார்கள், மேல்தளத்துப் படிகள் நல்ல செங்குத்து. நான்கு சீட் சேர்ந்து கிடைக்காவிட்டால் இரண்டும் இரண்டுமாக எடுங்கள், அம்மாவோடு மகன் இருக்கட்டும்.

அம்மாவின் இன்சுலின் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் பலர் வாசலில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த இரண்டு அணிகளும் ஆடும் எஸ்.இ.சி. லீக்கின் மைதானங்களில் உள்ளே கொண்டுபோகும் பை, உள்ளிருப்பது தெரியும் கண்ணாடிப் பிளாஸ்டிக்கில், 12 அங்குலம் நீளம், 12 உயரம், 6 அகலத்துக்குள் இருக்க வேண்டும். அல்லது ஒரு கேலன் ஜிப்லாக் பை. கைக்கடக்கமான சிறிய பர்ஸ் தனி, அது 4.5க்கு 6.5 அங்குலம் வரை. நம் அம்மாக்கள் கழற்றவே மாட்டேன் என்கிற தோள்பை, உள்ளே மருந்து இருந்தாலும் போகாது. ஆனால் மருத்துவத் தேவைக்கு விலக்கு உண்டு. இன்சுலின் பேனா, ஊசி, குளுக்கோமீட்டர், சர்க்கரை இறங்கினால் வாயில் போட குளுக்கோஸ் மாத்திரை எல்லாவற்றையும் பரிசோதித்துவிட்டு அனுமதிப்பார்கள். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கும் சிறிய பைக்கும் இது பொருந்தும், பரிசோதனைக்கு நீங்களே முதலில் நீட்ட வேண்டும். சரி, நடைமுறையில் எப்படி? மருந்தகம் ஒட்டிய, அம்மா பெயர் உள்ள லேபிளோடு பெட்டியை எடுத்துப்போங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்தில் அந்த லேபிள் இருக்காது, அதனால் டாக்டரின் சீட்டு ஆங்கிலத்தில் ஒன்று, பாஸ்போர்ட் நகல் ஒன்று கூடவே வையுங்கள். முந்தின வாரமே மைதானத்தின் வெப்சைட்டில் மருத்துவப் பொருட்களுக்கு எந்த வாசல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையில் முதலில் பார்க்கும் இளைஞன் பகுதிநேர வேலைக்கு வந்தவன், "பை கூடாது" என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவனோடு வாதாடாமல், 'மெடிக்கல்' என்று சொல்லி மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லுங்கள். அம்மாவின் ஊசி நேரம் ஆட்டத்தின் நடுவில் வந்தால் முதலுதவி அறையில் போட்டுக்கொள்ளலாம், கழிப்பறைக்கு ஓட வேண்டாம். பயன்படுத்திய ஊசியைப் போட மூடியுள்ள சிறிய டப்பா ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை நம்பி எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். இந்த ஆட்டத்தின் நாளையும் நேரத்தையும் முடிவு செய்வது தொலைக்காட்சி. 2024-ல் சனிக்கிழமை நடந்தது, 2025-ல் வெள்ளிக்கிழமை, இரண்டும் இரவு ஆட்டங்கள். நேரம் அறிவிக்குமுன் ரத்து செய்ய முடியாத ஹோட்டல் எடுத்தவர்கள் பணத்தை விட்டார்கள். லட்சம் பேரின் பயணத்தை ஒரு சேனலின் வசதிக்குக் கடைசிவரை தொங்கவிடுவது எந்த ஊர் நியாயம்? உங்களுக்கு ஹோட்டல் தேவையே இல்லை. கேட்டியிலிருந்து 99 பிடித்து 290 ஏறி, ஹெம்ப்ஸ்டெட்டில் 6-ஆம் நெடுஞ்சாலைக்கு மாறி நவசோட்டா வழியாகப் போனால் சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம். ஆட்டத்தன்று மூன்று என்று கணக்கு வையுங்கள். மகன் ஆஸ்டினிலிருந்து 21 வழியாக நேரே வந்துவிடலாம்.

கார் நிறுத்துமிடத்தில்தான் அடுத்த பொறி. வளாகத்துக்குள் உள்ள இடங்களில் பெரும்பகுதி நன்கொடையாளர்களுக்குப் போய்விடும். வெல்பார்ன் ரோடு, ஜார்ஜ் புஷ் டிரைவ் பக்கம் வந்தால் கொடி அசைத்து, 'அறுபது டாலர், உள்ளே வாங்க' என்று கூப்பிடுவார்கள். சிலர் தங்கள் சொந்த முற்றத்தில்தான் நிறுத்த விடுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் மூடிய கடையின் வாசலிலும் அபார்ட்மென்ட் வளாகத்திலும் யாரோ ஒருவர் நின்று பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். நீங்கள் ஆட்டம் பார்த்துவிட்டு வரும்போது கார் இருக்காது, இழுத்துப் போயிருப்பார்கள். இழுத்துச் செல்லப்படும் என்ற எச்சரிக்கைப் பலகை எங்கேனும் இருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். அதைவிட, பல்கலைக்கழகத்தின் போக்குவரத்துப் பிரிவில் முன்கூட்டியே கார்டில் பணம் கட்டி இடம் எடுத்துவிடுங்கள். டிக்கெட் விற்கும் அதே ஆள் 'பார்க்கிங் பாஸும் இருக்கு' என்றால் அதையும் வாங்காதீர்கள்.

சட்டையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். உங்கள் அணியின் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டே போங்கள். அங்கே அறிமுகமில்லாதவரும் 'ஹௌடி' என்று சொல்வார், நீங்களும் திருப்பிச் சொன்னால் போதும். நடுவரின் மோசமான முடிவுக்கு அவர்கள் ஊளையிட மாட்டார்கள், பாம்பு சீறுவது போல 'ஸ்ஸ்ஸ்' என்பார்கள், அது அவர்கள் மரபு, உங்களைப் பார்த்து அல்ல. அவர்களுடைய போர்ப்பாடலின்போது எல்லோரும் தோள் கோத்துக்கொண்டு பக்கவாட்டில் ஆடுவார்கள். அப்போது கால் அடியில் தளம் அதிர்வது தெரியும். அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவார்.

வளாகத்தில் ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். மைதானத்துக்கு எதிரே மெமோரியல் ஸ்டூடன்ட் சென்டர் என்ற கட்டிடம் இருக்கிறது. போரில் இறந்த அக்கல்லூரி மாணவர்களின் நினைவாகக் கட்டியது. அதைச் சுற்றியுள்ள புல்வெளியும் நினைவிடம்தான், அதில் கால் வைக்கக்கூடாது. உள்ளே போனால் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். குறுக்கே நடந்தால் சீக்கிரம் என்று புல்லில் இறங்கும் வெளியூர்க்காரரிடம்தான் அங்கே கோபப்படுவார்கள்.

அதே வளாகத்தில் வடகிழக்குப் பக்கம் 1999 நவம்பர் 18-ன் நினைவிடம் இருக்கிறது. இந்த ஆட்டத்துக்கு முன் கொளுத்தவே மாணவர்கள் அடுக்கிய பெரிய விறகுக் குவியல் சரிந்து 12 பேர் இறந்தார்கள். அடுத்த வாரம் நடந்த ஆட்டத்தின் இடைவேளையில் ஆஸ்டின் மாணவர்களின் இசைக்குழு தொப்பியைக் கழற்றி அஞ்சலி செலுத்தியது. நேரம் இருந்தால் மகனை அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பணம் ஏற்கனவே அனுப்பிவிட்டிருந்தால், இன்றே வங்கியைக் கூப்பிட்டு மோசடிப் பிரிவிடம் சொல்லுங்கள். குழுவின் செய்திகளையும் அவர் எண்ணையும் அழிக்காமல் படமெடுத்து வையுங்கள், அவர் குழுவிலிருந்து விலகிவிடுவதற்கு முன்.