மருந்துப் பரிசோதனையில் அப்பாவைச் சேர்க்கலாமா? மும்பையிலிருந்து கேட்டவருக்கு

வணக்கம். ஆர்-சாப் என்னும் கூட்டு மருந்துச் சிகிச்சை ஆறு சுற்று முடிந்தும் அப்பாவுக்கு பி-செல் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் திரும்பிவிட்டது என்றும், புதிய மருந்துக்கான பரிசோதனையில் சேர்ந்தால் வெற்று மாத்திரையைக் கொடுத்துவிடுவார்களோ என்று அம்மா அஞ்சுகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். பயன் தரும் சிகிச்சை இருக்கும் நோயில், புதிய மருந்து பெறாத ஒப்பீட்டுப் பிரிவில் வருபவருக்கும் அந்த வழக்கமான சிகிச்சையே தரப்படும் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பரிசோதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். முதற்கட்டம் பெரும்பாலும் மருந்தின் அளவையும் பாதுகாப்பையும் அறிவதற்கானது.

என் அண்ணனுக்கு இதே நோய் வந்தபோது, மாட்டுங்கா வீட்டில் ஒப்புதல் படிவத்தை விரித்து, புரியாத வரிகளின் கீழெல்லாம் பென்சிலால் கோடிட்டு, ஆய்வு மருத்துவர் ஒவ்வொன்றையும் விளக்கிய பிறகே கையெழுத்திட்டோம். அப்பாவுக்கு ஆங்கிலம் வராதென்றால் தமிழ்ப் படிவம் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். பரிசோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் இந்தியாவின் 2019ஆம் ஆண்டு மருந்துப் பரிசோதனை விதிகளில் உள்ளன; எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

இன்னொன்று: மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்னும் கார்-டி சிகிச்சைக்கு (நோயாளியின் நோயெதிர்ப்பு செல்களையே மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்கவைப்பது) 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அது அப்பாவுக்குப் பொருந்துமா, இந்தப் பரிசோதனையில் சேர்ந்தால் பிறகு அதைப் பெறத் தடை வருமா என்று கையெழுத்திடும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.