முகக் க்ரீம், கண்மை, குங்குமம்: ஈயமும் பாதரசமும் பற்றிக் கேட்டவர்களுக்கு

அழகுசாதனப் பொருட்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் 20 வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். கேள்வி அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் சிவப்பழகு க்ரீம் பற்றித்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (ஈரோடு): தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். தெரிந்த பார்லரில் பெயர் ஒட்டாத டப்பாவில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். 10 நாளிலேயே முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் பயம். என் பயம் சரியா?

பதில்: சரி. இன்று இரவே பூசுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உருவாக்க உதவும் நொதியைப் பாதரசம் முடக்கிவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் வெளுப்பு தெரிகிறது. சில க்ரீம்களில் பாதரசத்துக்குப் பதில் ஸ்டீராய்டு இருக்கும், சிலவற்றில் இரண்டும். எதுவாக இருந்தாலும் 10 நாளில் நிறம் மாறுவதை நல்ல அறிகுறியாக எடுக்கக் கூடாது. நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும், சிலருக்கு முன்பைவிடக் கறுக்கவும் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பூசத் தொடங்கும் பெண்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும் பாதரசம் கடைசியில் சேருமிடம் சிறுநீரகம். கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் கவனித்ததைச் சொல்கிறேன். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அவர்களிடம் மெம்பரேனஸ் நெஃப்ரோபதி என்ற நோயோடு 22 பேர் வந்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிப் புரதம் சிறுநீரில் ஒழுகும் நோய் அது. அந்த 22 பேரில் 15 பேருக்கு அபூர்வமான நெல்-1 (NELL-1 என்ற புரதத்தின் பெயரால் அழைக்கப்படும்) வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்தது. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய நல்ல செய்தி இதுதான்: சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டுவிடலாம்.

இந்தியாவில் முகத்தில் பூசும் பொருளில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட 1 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு கிலோவில் 1 மில்லிகிராம். பல நாடுகளில் பிடிபட்ட க்ரீம்களில் ஆயிரக்கணக்கான பிபிஎம் இருந்திருக்கிறது. நானே ஒருமுறை பார்த்தேன். சின்ன வெள்ளை டப்பா, உள்ளே லேசான சாம்பல் நிறத்தில், முத்துப் பளபளப்போடு க்ரீம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'நகைகளைக் கழற்றிவிட்டுப் பூசவும்.' க்ரீமை அமிலத்தில் கரைத்து, பாதரசத்தை ஆவியாக்கிக் கருவிக்குள் அனுப்பினோம். முள் மேலே போய் முட்டி நின்றது. கரைசலை நீர்க்கச் செய்தோம், மறுபடி முட்டியது. நான்காவது முறை நீர்த்த பிறகுதான் ஓர் எண்ணே கிடைத்தது. அதற்கப்புறம் அந்தக் கருவியின் குழாய்களில் ஒட்டிய பாதரசத்தைக் கழுவி எடுக்க இரண்டு நாள் ஆனது. கண்ணாடிக்குழாயில் ஒட்டியது அப்படியென்றால், தலையணை உறையிலும் பக்கத்தில் படுக்கும் குழந்தையின் கன்னத்திலும் ஒட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

தங்கைக்குச் செய்ய வேண்டியது: சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சாதாரணச் சோதனை, முடிந்தால் சிறுநீரில் பாதரச அளவு. முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், கை நடுங்கினால், தூக்கம் கெட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். க்ரீம் பூசியதை மறைக்காமல் சொல்லுங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி (மதுரை): லிப்ஸ்டிக்கில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க, கையில் பூசித் தங்க மோதிரத்தால் தேய்த்தால் கறுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. செய்து பார்த்தேன், கறுத்தது. தூக்கி எறியட்டுமா?

பதில்: வேண்டாம். மோதிரத்தால் எதைத் தேய்த்தாலும் உலோகத்துகள் உரசிக் கறுப்புக் கோடு விழும். அது ஈயத்தைக் காட்டாது. ஈயத்தைக் கண்டுபிடிக்க நம்பகமான வீட்டுச் சோதனை எதுவும் கிடையாது, இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயார். மோதிரம், எலுமிச்சை, உப்பு, தண்ணீரில் மிதக்கிறதா மூழ்குகிறதா, எதுவும் உதவாது.

லிப்ஸ்டிக்கை நான் அவ்வளவு பயமாகப் பார்ப்பதில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 400 லிப்ஸ்டிக்குகளைச் சோதித்தது. சராசரி ஈயம் 1.11 பிபிஎம், மிக அதிகம் 7.19. ஒரு நாளில் 40 மில்லிகிராம் லிப்ஸ்டிக் வயிற்றுக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால், சராசரிக் கணக்கில் 0.04 மைக்ரோகிராம் ஈயம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே கண்மைக்குத் தேவைப்படும்.

கேள்வி (சேலம்): ஆன்லைனில் வாங்கிய வெளிநாட்டுச் சிவப்பழகு க்ரீம் நல்லதா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். டப்பாவில் இறக்குமதிப் பதிவு எண் இல்லையென்றால் பூசாதீர்கள்.

கேள்வி (திருநெல்வேலி): ஐந்து மாதக் குழந்தைக்கு மாமியார் கண்ணுக்கு மை இடுகிறார். கடையில் வாங்கிய சுர்மாப் பொடி. கண் பெரிதாகும், பார்வை தெளியும் என்கிறார். எப்படிச் சொல்லி நிறுத்துவது?

பதில்: உங்கள் மாமியார் அன்பினால்தான் செய்கிறார். அதனால் அவர் மனம் நோகாமல் பேச உதவும் விஷயத்தைத் தருகிறேன்.

கண்மையில் இரண்டு வகை. ஒன்று வீட்டில் விளக்கெண்ணெய் விளக்கேற்றி, மேலே தட்டைக் கவிழ்த்துப் படிந்த கரியை வழித்துக் குழைப்பது. ஜவ்வரிசியைக் கருக வறுத்துச் செய்யும் பொட்டு மையும் அதே குடும்பம். இவை கரி, ஈயம் கிடையாது. இன்னொன்று கல்லை அரைத்த சுர்மா. அந்தக் கல் பெரும்பாலும் கலீனா, அதாவது ஈய சல்பைடு. சுத்தமான கலீனாவின் எடையில் 86 சதவீதம் ஈயம். சோதனைக்கு வந்த சுர்மாக்களில் பாதிக்கு மேல் ஈயமாக இருந்தவை உண்டு.

இப்போது லிப்ஸ்டிக் கணக்கை எடுங்கள். பாதி ஈயமுள்ள சுர்மா 10 மில்லிகிராம், ஒரு சிட்டிகையிலும் சிறு பங்கு, அதில் 5,000 மைக்ரோகிராம் ஈயம். லிப்ஸ்டிக்கில் சொன்னதைப்போல ஒரு லட்சம் மடங்குக்கு மேல். குழந்தை கண்ணைக் கசக்கும், அதே விரலை வாயில் வைக்கும். பெரியவர்கள் வயிற்றில் ஒட்டுவதைவிடக் குழந்தை வயிற்றில் ஈயம் பல மடங்கு ஒட்டும். வளரும் மூளையைத்தான் அது முதலில் பிடிக்கிறது. குழந்தைக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்ல ஈயத்துக்கு அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

மாமியாரிடம் இப்படிச் சொல்லலாம்: 'மை வையுங்கள் அத்தை, ஆனால் கண்ணுக்குள் வேண்டாம். கன்னத்திலோ உள்ளங்காலிலோ திருஷ்டிப் பொட்டாக, நம் வீட்டில் செய்த மையால் வையுங்கள்.' குழந்தைக்கு ஈயத்துக்கான ரத்தச் சோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். அந்தப் பொடியை வேறு எந்த வீட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

கேள்வி (நாகூர்): நீங்கள் சொல்வது ஒருதலைப்பட்சம். சுர்மா பல நூறு வருடப் பழக்கம். அஞ்சனக்கல் என்பது ஆன்டிமணி, ஈயம் அல்ல. ஈய சல்பைடே ஆனாலும் தண்ணீரில் கரையாது, பிறகு எப்படி உடம்பில் ஏறும்? எகிப்தியர்களின் ஈய மை கண்நோயைத் தடுத்தது என்று பிரெஞ்சு விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள்.

பதில்: படித்துவிட்டுக் கேட்கிறீர்கள், அதனால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அஞ்சனக்கல் என்பது ஆன்டிமணி சல்பைடு, பெயரளவில் நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அதுவும் கலீனாவும் பார்க்க ஒன்றுபோலக் கருஞ்சாம்பலாக மின்னும். கலீனா மலிவு, எளிதாகவும் கிடைக்கும். கடையில் பொட்டலத்தில் இருப்பது எது என்று விற்பவருக்கே தெரியாது. பழைய நூலில் உள்ள பெயர் இன்றைய பொட்டலத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

கரையாது என்பது தண்ணீருக்கு மட்டும்தான். கண்ணீர் மூக்குக்கும் தொண்டைக்கும் வடிகிறது, விரல் வாய்க்குப் போகிறது. வயிற்றில் அமிலம் இருக்கிறது. அங்கே ஒரு பகுதி கரையும். சுர்மா இடும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்ததைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

எகிப்து விஷயம் 2010இல் வந்த ஆய்வு. லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய மைகளை ஆராய்ந்தார்கள். லாரியோனைட் போன்ற, எகிப்தியர்கள் தனியாகத் தயாரித்த ஈய உப்புகள் அவற்றில் இருந்தன. மிகக் குறைந்த அளவில் அவை தோல் செல்களில் நைட்ரிக் ஆக்சைடு (நோய் எதிர்ப்பைத் தூண்டும் பொருள்) சுரப்பைக் கூட்டின என்பதுதான் கண்டுபிடிப்பு. அது கிண்ணத்தில் வளர்த்த செல். அதை வைத்து, 2026இல் ஒரு குழந்தையின் கண்ணில் கலீனா தடவலாம் என்று முடிவுக்கு வர முடியாது.

அதே வாசகர்: சரி, குழந்தைக்கு வேண்டாம். பெரியவர்கள் போட்டுக்கொண்டால் என்ன?

பதில்: ஈயம் எலும்பில் போய் உட்காரும், பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பு கால்சியத்தை விடும்போது ஈயமும் கூடவே ரத்தத்துக்கு வரும். 20 வயதில் இட்ட மை 28 வயதில் வயிற்றுப்பிள்ளைக்குப் போகிறது. ஆண்களுக்கு ரத்த அழுத்தமும் சிறுநீரகமும். பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை, கல்லை மாற்றுங்கள் என்கிறேன். ஈயம் இல்லை என்று ஆய்வகச் சான்று காட்டும் சுர்மா கிடைத்தால் தாராளமாக இடுங்கள்.

கேள்வி (கோவை): அப்படியானால் சித்த மருந்துகளில் உள்ள பற்பம், செந்தூரம் எல்லாமும் விஷமா?

பதில்: அது உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து, என் துறை அல்ல. பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (காஞ்சிபுரம்): குங்குமத்திலும் ஈயமா?

பதில்: மஞ்சளைப் படிகாரம், வெண்காரம், எலுமிச்சைச் சாறு சேர்த்துச் செய்த குங்குமம் என்றால் கவலை வேண்டாம். கடையில் கிலோ கணக்கில் மலிவாக வரும், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சிவப்பில்தான் எனக்குச் சந்தேகம். செந்தூரம் என்ற பெயரே ஈயத்தின் சிவப்பு ஆக்சைடுக்கும் உண்டு. நியூ ஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 சிந்தூரப் பொடிகளைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். ஐந்தில் நான்கில் ஈயம் தெரிந்தது, கணிசமானவை அமெரிக்காவின் 20 பிபிஎம் வரம்பைத் தாண்டின. நம் நாட்டிலும் அழகுசாதன நிறமிகளுக்கு அதே 20தான் வரம்பு, ஆர்சனிக்குக்கு 2. பூஜை சாமான் என்று பெயர் எழுதி விற்றால் இந்தச் சோதனைக்கே வராமல் போய்விடும்.

கேள்வி (விழுப்புரம்): ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் வெளுத்துவிட்டது. பாதரசமா?

பதில்: இல்லை. பசையில் உள்ள பி.டி.பி.பி. என்ற ரசாயனம் அப்படிச் செய்யும். பொட்டை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (வேலூர்): என் தோழி சிவப்பழகு க்ரீம் பூசுகிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

கேள்வி (தஞ்சாவூர்): வாரம் இரண்டு முறை மட்டும் பூசினால்?

கேள்வி (ஒசூர்): இரவில் பூசிக் காலையில் கழுவிவிடுகிறேன், பரவாயில்லையா?

பதில்: மூவருக்கும் ஒரே பதில். பெயர், உற்பத்தி உரிம எண், தயாரிப்பாளர் முகவரி இல்லாத வெளுப்பு க்ரீம் எந்த அளவிலும் வேண்டாம். நகையைக் கழற்றச் சொல்லும் சீட்டு, சாம்பல் அல்லது பச்சை நிறம், கலோமெல் (ஒரு பாதரச உப்பு), மெர்க்குரி என்ற சொல், இதில் ஒன்று இருந்தாலும் கீழே வையுங்கள். சிறுநீரகம் பழுதாவது ஆரம்பத்தில் வலிக்காது. தோழியையும் சிறுநீர்ச் சோதனைக்குக் கூட்டிப் போங்கள். இதே கேள்வியை இனிமேல் வேறு விதமாகக் கேட்டால் இந்தப் பதிலைத்தான் காட்டுவேன், தயவுசெய்து கோபிக்காதீர்கள்.

கேள்வி (சென்னை): எந்த சன்ஸ்கிரீன் நல்லது?

பதில்: தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

மறுபடி ஈரோடு: தங்கை நிறுத்திவிட்டாள். சிறுநீரில் புரதம் லேசாக இருக்கிறதாம், திங்கள்கிழமை சிறுநீரக மருத்துவரிடம் போகிறோம். மீதி க்ரீமை அம்மா குப்பையோடு எரிக்கப் போகிறார்.

பதில்: எரிக்க வேண்டாம், உடனே அம்மாவைத் தடுங்கள். சூட்டில் பாதரசம் ஆவியாகி வீடு முழுக்கப் பரவும், மூச்சில் போவதுதான் மிக மோசம். டப்பாவை இறுக்க மூடி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மருத்துவர் பார்த்த பிறகு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகாரோடு ஒப்படையுங்கள், அந்தப் பார்லரில் இன்னும் எத்தனை டப்பா இருக்கிறதோ. அவள் தலையணை உறை, துண்டு, துப்பட்டாவை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். சோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.