தொட்டிச் செடி அழுகினால் உரம் வாங்கி ஊற்றாதீர்கள்

கேள்வி: இரண்டடி மீன் தொட்டியில் மூன்று வகைச் செடி நட்டேன். ஒரு மாதத்தில் இரண்டு அழுகிவிட்டன, மூன்றாவது பழுத்து ஓட்டை விழுகிறது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் திரவ உரமும் போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வாங்காதீர்கள். படத்தில் அழுகியிருக்கும் இரண்டுமே தண்ணீருக்குள் வாழ்கிற செடிகள் இல்லை. கணுக்கணுவான தண்டும் வெள்ளைக் கரை போட்ட நீள இலையுமாக இருப்பது டிரசீனா, வரவேற்பறையில் லக்கி பாம்பூ என்று வைக்கிறோமே, அதுதான். சாம்பல் பச்சை இலையும் அடியில் ஊதா நிறமுமாக இருப்பது ஹெமிகிராஃபிஸ், தோட்டத்தில் தரையை மூட நடுவது. முழுக்க மூழ்கினாலும் இவை சில வாரம், டிரசீனா என்றால் சில மாதம்கூட, பச்சையாகவே நிற்கும். விற்றவர் தப்பித்துக்கொள்வது அந்த இடைவெளியில்தான். அழுகியதும் நீங்கள் போய்க் கேட்டால் உங்கள் தண்ணீர் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி அடுத்த பாட்டிலை நீட்டுவார்கள். மீன் தொட்டிச் செடி என்று எதை விற்றாலும் கேட்க ஆளில்லை, பாதிக் கடைகளில் பெயர்கூட எழுதி வைப்பதில்லை. நீங்கள் உரம் ஊற்றினால் அது பாசிக்குத்தான் போய்ச் சேரும். அழுகியதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் அமோனியா ஏறி மீன் செத்துப்போகும்.

இனி வாங்கும்போது செடியைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளேயே வளர்ந்த செடியைத் தண்ணீர் தாங்குவதால் அதன் தண்டுக்கு வலு தேவைப்படாது, வெளியே எடுத்ததும் துவண்டு கையில் ஒட்டிக்கொள்ளும். தரைச்செடி விறைப்பாக நிற்கும், இலையில் தண்ணீர் நிற்காமல் உருண்டோடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல செடியை வேண்டாம் என்று வந்துவிடாதீர்கள். அனுபியாஸ். மேற்கு ஆப்பிரிக்க ஓடைக்கரைகளில் பாதி மூழ்கியும் மூழ்காமலும் வளர்கிற செடி என்பதால் இலை தடித்து, கரும்பச்சையாக, தரைச்செடி மாதிரியே விறைப்பாக இருக்கும், ஆனால் தண்ணீருக்குள் வருஷக்கணக்கில் வாழும். படுத்து ஊர்கிற பருத்த பச்சைத் தண்டிலிருந்து இலைகள் ஒவ்வொன்றாக மேலே கிளம்பி, வேர் கீழே இறங்கினால் அனுபியாஸ் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் எடுக்கலாம், கொழகொழத்து நாற்றம் அடித்தால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் செடியோடு வரும் கூடையையும் வேரைச் சுற்றியுள்ள பஞ்சையும் உருவிப் போட்டுவிட்டு, கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள். தண்டு மண்ணுக்குள் புதைந்தால் அழுகும், அனுபியாஸ் சாவது பெரும்பாலும் இதனால்தான். புது இலை விட வாரக்கணக்கில் ஆகும், அதற்காகப் பயந்து எதையும் ஊற்ற வேண்டாம்.

உங்கள் மூன்றாவது செடி அமேசான் சோர்ட், அது சாகவில்லை. பண்ணையில் இதைத் தண்ணீருக்கு வெளியே வளர்த்து அனுப்புவார்கள், மூழ்கியதும் பழைய இலைகள் போய், மெல்லிசாகப் புதுசு வரும். படத்தில் நடுவே சுருண்ட குருத்து தெரிகிறதே, அது போதும். பழுத்த இலைகளை அடியோடு வெட்டிவிட்டு, வேரடியில் ஒரு உர மாத்திரையைப் புதையுங்கள். சரி, உங்களுக்கு வேண்டிய உரம் அவ்வளவுதான். பண்ணையிலிருந்து அன்றைக்கு வந்து இறங்கியதை வாங்காமல், கடைத் தொட்டியிலேயே சில வாரம் இருந்து புது இலை விட்டதைக் கேளுங்கள்.

போர்வெல் தண்ணீர் என்றால் வாலிஸ்நேரியா போடுங்கள், உப்பும் கடினமும் அதை ஒன்றும் செய்யாது, ஓடுதண்டு விட்டுத் தானே பரவும். ஹைக்ரோஃபிலாவும் ஹார்ன்வொர்ட்டும் சிலிண்டர் இல்லாமலே வளரும். விளக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் எரிந்தால் போதும். ஆன்லைனில் விதை பாக்கெட் படத்தைக் காட்டி இரண்டு வாரத்தில் தொட்டிக்குள் புல்தரை என்பார்கள், தயவுசெய்து தொடாதீர்கள். தொட்டிக்குள் உண்மையில் புல்தரையாகப் படரும் ஹேர்கிராஸ் ஓடுதண்டில் பரவுவது, அதைச் செடியாகத்தான் வாங்க வேண்டும். அந்த விதை முளைத்து நாலு வாரம் அழகாக இருந்துவிட்டு மொத்தமாக அழுகும்.

கபோம்பாவும் காட்டுவார்கள், இறகு மாதிரி அழகுதான், ஆனால் மென்மையான தண்ணீரும் நல்ல வெளிச்சமும் கேட்கும். கேரளத்து நீர்நிலைகளில் அது பரவி அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதனால் எந்தச் செடியை நறுக்கினாலும் ஏரியிலோ வாய்க்காலிலோ வீசாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.