இவன் காரியம் என்ன?

அன்புள்ள ஐயா,

என்னோடு ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்ற நண்பர் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறார். அவர் சபையில் சாட்சி சொன்னால் கேட்பவர்கள் கண்கலங்குகிறார்கள். நானோ பத்து நிமிடம் முழங்காலிட்டாலே மனம் அலைபாய்கிறது. சொல்லும்படியான அனுபவம் ஒன்றும் எனக்கு வாய்க்கவில்லை. என் விசுவாசத்தில்தான் குறையோ?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

யோவான் சுவிசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். எல்லாரும் இடறலடைந்தாலும் தாம் இடறலடைவதில்லை என்று மற்றச் சீஷர்களோடு தம்மை ஒப்பிட்டுச் சொன்ன பேதுரு, அன்றிரவே பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடி, இயேசுவை அறியேன் என்று மறுதலித்தார். இப்போது, இயேசு உயிர்த்தெழுந்த பிறகு, கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பு, அதன்மேல் மீன். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாட்டிலேயே இந்த இரண்டு இடங்களில்தான் வருகிறது. சாப்பிட்டு முடிந்ததும் இயேசு, "இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று கேட்கிறார். நேசிப்பதை ஒப்புக்கொள்கிற பேதுரு, "இவர்களிலும் அதிகமாய்" என்ற பகுதியைத் தொடவேயில்லை. அடுத்த இரண்டு முறை கேட்கும்போது இயேசுவும் அதை விட்டுவிடுகிறார்.

இவ்வளவுக்குப் பிறகும், தமக்கு வரப்போகும் மரணத்தைப் பற்றிக் கேட்ட கையோடு பேதுரு திரும்பிப் பார்க்கிறார். பின்னால் இயேசுவுக்கு அன்பான சீஷன் வந்துகொண்டிருக்கிறான். "ஆண்டவரே, இவன் காரியம் என்ன" என்கிறார். "நான் வருமளவும் இவனிருக்க எனக்குச் சித்தமானால் உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்பதே பதில். பிரசங்கங்களில் இதை ஒரு கடிந்துகொள்ளுதலாகவே கேட்டிருக்கிறேன். எனக்கென்னவோ, தலையிலிருந்து ஒரு சுமையை இறக்கிவைக்கிற சொல்லாகவே படுகிறது.

அந்தச் சீஷனைப் பற்றி இயேசு சொன்னதைக்கூடச் சகோதரர்கள் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை; அவன் மரிப்பதில்லை என்ற பேச்சு பரவி, சுவிசேஷகரே அதைத் திருத்த வேண்டியதாயிற்று. பிறருடைய ஆவிக்குரிய வாழ்வைப் பற்றிய நம் கணிப்புகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். உங்கள் நண்பரின் நான்கு மணி உங்களுக்குத் தெரியும்; வறண்டுபோன காலைகளை அவர் சாட்சியில் சொல்லியிருக்க மாட்டார்.

பவுல் தம்மைப் பின்பற்றச் சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். சொன்னார், தாம் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறதுபோல என்ற நிபந்தனையோடு. அதே பவுல்தான், தங்களுக்கே தங்களை ஒப்பிட்டுக்கொள்ளுகிறவர்கள் புத்திமான்களல்ல என்றும் கொரிந்தியருக்கு எழுதினார். ஆகவே நண்பரிடம் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள்: மனம் அலையும்போது அவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள், எத்தனை மணிக்கு எழுகிறார் என்ற கணக்கை விடுங்கள்.

தாலந்துகளின் உவமையையும் பாருங்கள். எஜமான் ஒப்படைத்த பணத்தில் ஐந்து தாலந்தைப் பத்தாக்கியவனுக்கும் இரண்டை நான்காக்கியவனுக்கும் அவன் சொல்லும் பாராட்டு, வார்த்தைக்கு வார்த்தை ஒன்றே.

அலைபாய்கிற அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதை விரித்து எனக்கு மறுபடியும் எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் நண்பர் வேண்டாம்.