பேட்டரி தளர்ந்தால் கைபேசியையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் கைபேசியில் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. வேறு குறை இல்லை. எக்ஸ்சேஞ்ச் சலுகையில் புதியது வாங்கச் சொல்லும் என் மகன், எல்லோரும் பழையதையே வைத்துக்கொண்டால் நாட்டின் வளர்ச்சி என்னாகும் என்றும் கேட்கிறான். நான் என்ன செய்யட்டும்?

பதில்: பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், அம்மா. லித்தியம் அயனி பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கிய பின் தளர்வது இயல்பு. அடி தேய்ந்ததற்காக நல்ல செருப்பை நாம் எறிவதில்லையே. பழுதுபார்ப்பவர் பின்மூடியை இளஞ்சூட்டில் வைத்துப் பசையை இளக்கி, பழைய பேட்டரியை நெம்பி எடுத்துப் புதியதைப் பொருத்துவார். கூடவே இருந்து பாருங்கள். புதிய பேட்டரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் குறி உள்ளதா என்று கவனித்து, உத்தரவாதம் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பின்மூடி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம். பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுபோயிருந்து, அதில் வங்கிச் செயலியும் இருந்தால், புதியது வாங்குவது நியாயமே.

ஒரு கைபேசியால் உண்டாகும் கரிம உமிழ்வில் பெரும்பங்கு, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, பேட்டரிக்கான கோபால்ட் உலோகத்தைத் தோண்டும் காங்கோ நாட்டுச் சுரங்கம் முதல் தொழிற்சாலை வரையிலான வழியில் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. பழையது மறுசுழற்சிக்குத்தானே போகிறது என்று ஆறுதல் கொள்ளவும் முடியவில்லை: 2022இல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே.

மகனின் கேள்வி தட்டிக்கழிக்கக் கூடியதன்று. ஆனால் பழுதுபார்ப்பவருக்கு நீங்கள் தரும் கூலியும் நாட்டின் உற்பத்திக் கணக்கில் சேர்வதுதான். அந்தக் கணக்கில் கழிக்கப்படாமல் போவது, புதிய பொருள்களுக்காகத் தோண்டித் தீர்ந்த கனிமமே. 1970இல் உலகம் பூமியிலிருந்து எடுத்த பொருள்கள் ஏறத்தாழ 3,000 கோடி டன். இன்று அது ஆண்டுக்கு 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. இதே காலத்தில் மக்கள்தொகை இரண்டு மடங்கைச் சற்றே கடந்திருக்க, எடுப்பதோ மூன்று மடங்குக்கு மேல் என்றால், தலைக்கு இவ்வளவு என்று நாம் கூட்டிக்கொண்டே போவது எனக்கு மெய்யாகவே அச்சமூட்டுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் சந்தைக்கு வரும் கைபேசி மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த முறை வாங்கும்போது, விலை பேசுவதற்கு முன், எத்தனை ஆண்டுகள் அப்டேட் வரும், பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் உங்கள் மகனையே கேட்கச் சொல்லுங்கள்.