தினமும் ஒரு மணி நேரம் ஓடுகிறேன். இனிப்புப் பானம் குடித்தால் கணையத்துக்குக் கெடுதலா?

கேட்டவருக்கு வயது 32. மாலையில் ஒரு மணி நேரம் ஓடுகிறார். ஓடி முடித்ததும் குளிர்ந்த இனிப்புப் பானம் ஒரு போத்தல். காலையிலும் மதியத்திலும் டின் பால் கலந்து ஆற்றிய தே தாரிக். ஓடுவதால் சீனியெல்லாம் எரிந்துவிடாதா, கணையத்துக்கு இதனால் என்ன கெடுதல் என்று கேட்கிறார்.

எரிந்துவிடாது, தம்பி. ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள், அது உங்களுக்குப் பெரிய துணை. ஆனால் ஓடுகிறோம் என்ற தைரியத்தில் போத்தலைத் திறக்காதீர்கள். என் வீட்டில் பார்த்ததையும் என் உடம்பில் பட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பிறந்தது பக்கத்து ரப்பர் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு, வெயில் ஏறுவதற்குள் ஆளுக்கு ஐந்நூறு மரம். பிறகு மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களிலிருந்து பாலைச் சேர்த்து, நிறைந்த வாளிகளைத் தோளில் சுமந்து ஸ்டோரில் சேர்க்க வேண்டும். பிரட்டுக்குப் புறப்படுமுன் அப்பா குடிக்கும் கோப்பியில், சீனி கலந்த கெட்டியான டின் பால் ஒரு விரற்கடை உயரத்துக்கு அடியில் படிந்திருக்கும். பத்து மணிக்கு இன்னொரு முறை அதே கோப்பி. அந்த உடம்பு அதைத் தாங்கியது.

பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். நாங்கள் தோட்டத்தை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்பில் ஒரு மலிவு வீட்டுக்கு வந்தோம். அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை, பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில். உழைப்பு தோட்டத்தோடு நின்றுபோனது. டின் பால் கோப்பி மட்டும் கூடவே வந்தது. ஆறு வருடத்தில் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என்றார்கள். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தபோது அவருக்கு 58 வயது. அந்தக் காலைக் கழுவித் துடைத்துக் கட்டுப்போடுவது அம்மாவின் வேலை. கட்டை அவிழ்க்கும் நேரத்தில் நாங்கள் யாரும் அறைக்குள் போகமாட்டோம்.

கணையம் வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, சுமார் 15 செண்டிமீட்டர் நீளத்தில் படுத்திருக்கிற உறுப்பு. அதன் பெரும்பகுதி செரிமானத்துக்கான நீரைச் சுரக்கிறது. இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரக்கும் செல்கள் அதற்குள் சின்னச் சின்னத் திட்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் இந்தத் திட்டுகளை முதன்முதலில் விவரித்தார். கணையத்தின் எடையில் அவை ஒன்றிரண்டு சதவீதம்தான். நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி, சீனி எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றிரண்டு சதவீதம்தான் பதில் சொல்ல வேண்டும்.

சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும்போது மெல்லுகிற வேலை இல்லை, தடுத்து நிறுத்த நார்ச்சத்தும் இல்லை. வேகமாகக் குடலுக்குப் போய் இரத்தத்தில் ஏறுகிறது. செல்கள் உடனே அதிக இன்சுலினை வெளியே தள்ளியாக வேண்டும். இன்னொரு பக்கம், நாம் வாங்கும் சீனியில் சரிபாதி பிரக்டோஸ். அதில் பெரும்பங்கை ஈரல் எடுத்துக்கொள்கிறது. அளவுக்கு மிஞ்சினால் கொழுப்பாக மாற்றுகிறது. ஈரலில் தேங்கும் கொழுப்பு இரத்தத்தில் கலந்து கணையத்திலும் படிகிறது. இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழுவினர் இதை எம்.ஆர்.ஐ. படங்களில் அளந்து காட்டினார்கள். எடை குறைந்து அந்தக் கொழுப்பு இறங்கியபோது, பலருக்கு இன்சுலின் சுரப்பு திரும்பியது. 2017இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டால் எடையைக் குறைத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் மருந்தில்லாமல் நீரிழிவு வரம்புக்குக் கீழே இருந்தார்கள். அப்பாவுக்கு நோய் வந்த காலத்தில் இதை எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

இனி என் கதை. செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி நான். லாரி வரும், எடை எழுதுவேன், மறுபடி உட்காருவேன். வாரத்தில் மூன்று நாள் பேட்மிண்டன் ஆடுகிறோமே, நமக்கு ஒன்றும் வராது என்று உங்களைப் போலவே நம்பியிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் இரத்தச் சோதனையில், இரண்டு மூன்று மாதத்துச் சீனியின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.0 சதவீதம் என்று வந்தது. நோய் இன்னும் வரவில்லை, வாசற்படியில் நிற்கிறீர்கள் என்றார் மருத்துவர்.

அன்று சாயங்காலம் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, தே கலக்கும் தம்பியின் கையை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். டின்னிலிருந்து கரண்டி எழும்பும்போது பால் கயிறுபோல் இறங்கியது. வழியும் வரை காத்திருக்காமல் அப்படியே குவளைக்குள் சாய்த்தார். இரண்டு கரண்டி. வீட்டுக்குப் போய் அதே அளவுக் கரண்டியால் டின் பாலை எடுத்து, மனைவி மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன். 40 கிராம். அதில் பாதிக்கு மேல் சீனிதான். ஒரு குவளைக்குச் சுமார் 22 கிராம். நான் குடித்ததோ நாளுக்கு மூன்று. ஆட்டம் முடிந்ததும் குடிக்கும் அரை லிட்டர் பானத்தில் இன்னும் 30 கிராம் அளவுக்கு. பெரியவர்களுக்குச் சேர்க்கும் சீனி நாளுக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆட்ட நாளில் நான் பசியாறுவதற்கும் சோற்றுக்கும் வெளியே, குடித்தே தொண்ணூறைத் தாண்டியிருந்தேன்.

நம் நாட்டில் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து சீனிப் பானத்துக்கு வரி உண்டு. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 சென் என்று தொடங்கி, பிறகு உயர்த்தினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த வரி போத்தலுக்கும் டின்னுக்கும்தான். கடையில் கண்ணெதிரே கலக்கும் குவளையை அது தொடாது. அந்தக் குவளையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களுக்குத்தான் அதிகம். நம் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் குளிர்பெட்டியில் இன்சுலின் ஊசி இருக்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

அப்படியானால் ஓட்டத்தால் என்ன பயன்? நிறைய உண்டு. இரத்தத்திலிருக்கும் குளுக்கோஸ் தசைக்குள் போக இன்சுலின் கதவு திறந்துவிட வேண்டும். ஆனால் தசை வேலை செய்யும்போது, குளூட்-4 என்னும் புரதம் இன்சுலினை எதிர்பாராமல் தானாகவே செல்லின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கிறது. அந்த நேரத்தில் கணையத்தின் சுமை குறைகிறது. ஓடி முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள்வரை தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்குகிறது. கணையத்துக்கு நீங்கள் கொடுக்கும் இந்த ஓய்வு முடியும் முன்பே, போத்தலைத் திறந்து அதே கணையத்தை வேலைக்கு எழுப்புகிறீர்கள். ஒரு டின் கோலாவில் சுமார் 35 கிராம் சீனி. அதைக் குடிக்க இரண்டு நிமிடம், நடந்து செலவழிக்க அரை மணி நேரத்துக்கு மேல்.

இரத்தச் சீனியை அளக்கும் குளுக்கோமீட்டர் வாங்கி வீட்டிலேயே பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ரொட்டிச் சனாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் இருந்தேன். ஒரு மணி நேரத்தில் லிட்டருக்கு 10.8 மில்லிமோல். அடுத்த ஞாயிறு அதே ரொட்டி, அதே தே, சாப்பிட்ட கையோடு திடலை இருபது நிமிடம் சுற்றினேன், 8.9. மூன்றாவது ஞாயிறு ரொட்டியோடு சீனியில்லாத தே, பிறகு அதே நடை, 7.6. ஒரே ஆள் செய்த சோதனைதான், உங்களுக்கு எண்கள் வேறாக இருக்கும். எனக்கு அந்த மூன்று எண்களே போதுமாக இருந்தன.

பெரிய ஆய்வுகளும் இந்தத் திசையில்தான் நிற்கின்றன. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், வாசற்படியில் நின்றவர்கள் உணவைச் சீர்செய்து எடை குறைத்து, வாரம் 150 நிமிடம் உடலை அசைத்ததில், நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபோர்மின் என்னும் நீரிழிவு மாத்திரையால் குறைந்த அளவு 31 சதவீதம். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நம்மவர்களிடமே நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கை முறை மாற்றத்தால் 28.5 சதவீதம் குறைந்தது. எண்ணிக்கை வேறுதான், ஆனால் நம் உடம்புக்கும் பலன் உண்டு என்று அது காட்டியது. இரண்டிலுமே உணவும் நடையும் சேர்ந்துதான் வந்தன.

கணையம் என்று கேட்டதால் இன்னொன்று. திடீர்க் கணைய அழற்சிக்கு முதன்மைக் காரணங்கள் பித்தக்கல்லும் மதுவும். தோட்டப்புறத்தில் சம்சு என்னும் மலிவுச் சாராயம் குடித்து மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை துளைக்கும் வலியும் வாந்தியும் வந்தால், காற்றுப் பிடித்திருக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்களுக்கு என்ன செய்யலாம்? ஒரு மணி நேர ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். தேயை ஒரே நாளில் மாற்ற என்னால் முடியவில்லை. முதல் வாரம் ஒரு கரண்டி, அடுத்த வாரம் அரைக் கரண்டி, நான்காவது வாரம் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். முதல் பத்து நாள் நாக்கு அழுதது. இப்போது பழைய தேயைக் கொடுத்தால் பாதிக்கு மேல் இறங்குவதில்லை. கடைத் தம்பி, "அண்ணே, கோசோங்தானே?" என்று கேட்டுக்கொண்டே டின்னைத் தள்ளி வைக்கிறார். பழச்சாறும் பானம்தான், தர்பூசணி வேண்டுமானால் கடித்துச் சாப்பிடுங்கள். வீட்டில் ஊசியோ மாத்திரையோ எடுக்கும் பெரியவர்கள் உங்களோடு நடக்க வந்தால், சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும்; சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். அப்பாவோடு நடக்கும்போது என் பையில் எப்போதும் இருக்கும்.

எட்டு மாதத்தில் என் ஹெச்பிஏ1சி 5.6க்கு வந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது இனிப்பு நீர் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் 32 வயதிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் நம் நாட்டுக் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். காலையில் வெறும் வயிற்றோடு போங்கள், வழியில் எந்தக் கடையிலும் தே குடித்துவிடாதீர்கள்.