ஆத்தங்குடிக் கல்லில் பாதை தாவுவது

ரோபோ கேமராப் படங்களில் தரைப் புள்ளிகளைப் பொருத்தித் தன் பாதையைக் கணிக்கும்போது, வரைபடத்தில் அந்தப் பாதை தாவுகிறதா? புள்ளிகளைப் பொருத்தும்போது தேடும் எல்லையை அரைக் கல் அகலத்துக்குள் சுருக்குங்கள், தாவல் நின்றுவிடும்.

வளவில் (செட்டிநாட்டு வீட்டின் முற்றப் பகுதி) ரோபோ நேராகத்தான் போகிறது, வரைபடத்தில் மட்டும் ஒரு கல் பின்னால் குதிக்கிறது என்கிறீர்களே, ஆத்தங்குடிக் கல்லில் (செட்டிநாட்டுப் பூ வேலைத் தரைக்கல்) ஒரே பூ வரிசையாக வருவதால் நிரல் இந்தப் பூவை அடுத்த கல்லின் பூவோடு சேர்த்துவிடுகிறது.

தாவும் இடத்தில் அடுத்தடுத்த இரண்டு பிரேம்களை (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) எடுத்து, பொருந்திய புள்ளிகளை இணைக்கும் கோடுகளை வரைந்து பாருங்கள். பாதிக் கோடுகள் சரியாக ஒரு கல் தள்ளி விழுந்தால் இதேதான். அப்புறம் தரையில் நாலைந்து செய்தித்தாள் துண்டுகளைத் தாறுமாறாகப் போட்டு ஓட்டுங்கள், தாவல் குறைந்தால் காரணம் பூ வரிசைதான் (ஆச்சி திட்டினால் நான் பொறுப்பில்லை).

பிரேம்கள் விடுபட்டு ரோபோ அதற்குள் அரைக் கல் தாண்டினால் எல்லையைச் சுருக்குவது உதவாது. கேமராவை நிமிர்த்தித் தேக்குத் தூண்களைப் பார்க்க வைக்கலாம், சுவரை வேண்டாம், அந்த வழவழப் பூச்சில் புள்ளியே கிடைக்காது. ஆனால் ஒற்றைக் கேமராவில் தரை மறைந்தால் தூர அளவும் போய்விடும், சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று அளக்கும் என்கோடர் தேவைப்படும்.